வழிகாட்டும் கைகள்: அறிவியல் தொழில்கள் வளர்ந்த வரலாறு

நம் கல்விக் கழகம் வெள்ளி விழாக் காணும் இந்நன்னாளில் அதன் கடந்த காலப் பணியைப் போற்றுவது முறையே. ஆயினும் போற்றுதலோடு நின்றுவிடாமல், அடுத்த அடியை எங்கே எடுத்து வைப்பது என்று ஆராய்வதே விழாவுக்கு உண்மையான சிறப்பைத் தரும் என்பது நம் கருத்து. கழகம் தோன்றிய நாளில் நம் முன் நின்ற கேள்வி, ‘நம் பிள்ளைகள் உயர்கல்வி வரை சென்று சேர்வார்களா?’ என்பது. இன்று பட்டயமும் பட்டமும் பெற்ற இளைஞரும் இளம் பெண்டிரும் நம் தெருக்கள்தோறும் இருக்கின்றனர். அவர்களுள் சிலர், பிறரிடம் வேலை தேடுவதோடு அமையாமல், தாமே ஒரு கருவியைச் செய்து விற்கலாம், ஒரு மென்பொருளை எழுதிப் பலருக்கும் அளிக்கலாம் என்று எண்ணத் தலைப்பட்டிருக்கின்றனர். ஆகவே இன்று நம் முன் நிற்கும் கேள்வி வேறு. அந்த எண்ணம் தொழிலாக வளர்வதற்குக் கைகொடுப்பவர் யார்?

தலைமுறை தலைமுறையாகத் தொழில் நடத்தும் குடும்பத்தில் பிறந்த பிள்ளைக்கு இக்கேள்வி எழுவதே இல்லை. கொள்முதல் விலைக்கும் விற்பனை விலைக்கும் இடையே எத்தனை செலவுகள் ஒளிந்திருக்கின்றன என்பதை அப்பிள்ளை உணவு உண்ணும் இடத்திலேயே கேட்டு வளர்கிறது. வங்கி மேலாளரிடம் எப்படிப் பேசுவது என்பதைத் தந்தையின் அருகில் அமர்ந்து காண்கிறது. முதல் சரக்கை வாங்கிக்கொள்ள ஒரு மாமன் இருக்கிறார். முதல் தவற்றைத் திருத்த ஒரு பெரியப்பா இருக்கிறார். பள்ளிக்கூடம் கற்பிக்காத இப்பாடங்களை அக்குடும்பமே கற்பித்து விடுகிறது. முதல் தலைமுறையாகக் கல்வி பெற்ற நம் பிள்ளைகளுக்கோ அத்தகைய மாமனும் இல்லை; பெரியப்பாவும் இல்லை. இதை விதியென்று விட்டுவிட வேண்டுமா? குடும்பம் தரும் அத்துணையை ஊரும் கல்வி நிலையமும் அமைப்புகளும் தர இயலாதா? இயலும் என்பதற்கு வரலாறு சான்று பகர்கிறது. அவ்வரலாற்றின் முதன்மையான ஏடுகளை இக்கட்டுரையில் புரட்டிப் பார்ப்போமாக.

தந்தையும் மகனும்

அமெரிக்க நாட்டின் மேலைக் கரையில், கலிபோர்னியா மாநிலத்தில், ஸ்டான்போர்டு பல்கலைக்கழகம் இருக்கிறது. இந்நூற்றாண்டுக்கு முந்திய நூற்றாண்டின் தொடக்கத்தில் அங்கே லூயிஸ் டெர்மன் என்னும் உளவியல் பேராசிரியர் இருந்தார். அறிவுக் கூர்மையை எண்ணால் அளந்து கூறும் சோதனையை அமெரிக்காவில் பரப்பியவர் அவரே. திறமை பிறப்பிலேயே அமைவது என்பது அவர் கொள்கை. 1916-இல் அவர் வெளியிட்ட நூலில், குறிப்பிட்ட சில இனத்தாருக்கு அறிவு மந்தம் பிறவியிலேயே உள்ளது போலும் என்று எழுதவும் அவர் தயங்கவில்லை. இத்தகைய மொழிகள் நமக்குப் புதியனவல்ல. வேறு சொற்களில் வேறு நாட்டில் நம் முன்னோரும் கேட்டவையே.

1921-இல் லூயிஸ் டெர்மன் கலிபோர்னியாவின் பள்ளிகளில் மிகுதிறன் வாய்ந்த சிறுவர்களைச் சோதனையால் தேர்ந்தெடுத்து, அவர்கள் வாழ்நாள் முழுவதையும் கவனிக்கும் ஆய்வைத் தொடங்கினார். அச்சோதனைக்கு உட்பட்டும் தேறாமல் விலக்கப்பட்ட சிறுவர்களுள் இருவர் பிற்காலத்தில் இயற்பியலுக்கான நோபல் பரிசைப் பெற்றனர். ஒருவர் 1956-இல் பரிசு பெற்ற வில்லியம் ஷாக்லி. மற்றவர் 1968-இல் பரிசு பெற்ற லூயிஸ் ஆல்வரஸ். பிறவித் திறனை அளப்பதாகச் சொன்ன அளவுகோல் இவ்விருவரையும் காணாமல் விட்டது. எண்ணைக் கொண்டு மனிதனை எடைபோடுவோர் நினைவிற்கொள்ள வேண்டிய செய்தி இது.

இப்பேராசிரியரின் மகனே பிரெடரிக் டெர்மன். அவர் பிறந்தது 1900-இல். ஸ்டான்போர்டில் பயின்று, பின்னர் கீழைக் கரையிலுள்ள மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தில் 1924-இல் முனைவர் பட்டம் பெற்றார். அங்கே அவருக்கு ஆய்வு நெறியாளராக வாய்த்தவர் புகழ்பெற்ற பொறியியலறிஞர் வன்னிவர் புஷ். அக்கழகத்திலேயே ஆசிரியப் பணி ஏற்கவிருந்த நிலையில், விடுமுறைக்கு ஊர் திரும்பிய டெர்மனைக் காசநோய் பற்றியது. ஓராண்டுக் காலம் படுக்கையிலேயே கழிந்தது. நோய் தணிந்த பின், வெம்மையான தட்பவெப்பம் வேண்டிச் சொந்த ஊரிலேயே தங்கி, ஸ்டான்போர்டில் வானொலிப் பொறியியல் கற்பிக்கலானார். 1932-இல் அவர் எழுதிய வானொலிப் பொறியியல் நூல் நெடுங்காலம் மாணவர்களின் கைநூலாக விளங்கியது.

அவரை வருத்திய செய்தி ஒன்று உண்டு. தம்மிடம் படித்துத் தேறிய மாணவர்கள் அனைவரும் வேலை தேடிக் கீழைக் கரைக்குப் போய்விடுகின்றனர். உள்ளூரில் அவர்களுக்கேற்ற தொழில்கள் இல்லை. வேலை இல்லாத ஊரில் மாணவர்களே வேலையைப் படைத்தால் என்ன என்று அவர் எண்ணினார். அந்த எண்ணமே பின்னாளில் உலகறிந்த ஒரு தொழில் வட்டாரத்துக்கு வித்தாயிற்று. திறமை பிறப்பிலேயே முடிவாகிவிடுகிறது என்று தந்தை எழுதினார். கைகொடுத்தால் திறமை வளரும் என்பதை மகன் தம் செயலால் காட்டினார்.

கார்க் கொட்டகையில் பிறந்த தொழில்

டெர்மனிடம் பயின்றவர்களுள் வில்லியம் ஹியூலெட், டேவிட் பேக்கர்டு என்னும் இருவர் 1934-இல் பட்டம் பெற்றனர். பேக்கர்டு கீழைக் கரையில் ஜெனரல் எலெக்ட்ரிக் நிறுவனத்தில் பணியேற்றார். ஹியூலெட் மேற்படிப்பு முடித்துச் ஸ்டான்போர்டுக்குத் திரும்பினார். இருவரும் சேர்ந்து தொழில் தொடங்க விரும்புகின்றனர் என்பதை டெர்மன் அறிவார். ஆனால் வேலையிலிருக்கும் ஒருவனை ‘வேலையை விட்டு வா’ என்று வெறுங்கையோடு அழைப்பது எளிதா? ஆகவே 1938-இல் பேக்கர்டுக்கு 500 டாலர் ஆய்வு உதவித்தொகை ஒன்றைப் பெற்றுத் தந்து அவரை ஊருக்கு அழைத்துக்கொண்டார். வழிகாட்டியின் முதற்பணி இது: துணிந்து இறங்குவோன் பட்டினியின்றி முயல்வதற்குச் சில மாத அவகாசத்தை உண்டாக்கித் தருவது.

பாலோ ஆல்டோ நகரில், அடிசன் வீதி 367-ஆம் எண் வீட்டில் பேக்கர்டும் அவர் மனைவி லூசிலும் குடியிருந்தனர். வீட்டின் பின்புறத்துச் சிறு குடிலில் ஹியூலெட் தங்கினார். கார் நிறுத்தும் கொட்டகையே தொழிற்கூடம். கைமுதல் 538 டாலரும் பழைய துளையிடும் பொறி ஒன்றுமே. 1939 ஜனவரி முதல் நாள் கூட்டுத் தொழில் ஒப்பந்தம் எழுதப்பட்டது. யார் பெயர் முன்னே வருவது என்பதை நாணயம் சுண்டித் தீர்மானித்தனர். கணக்கெழுதும் பணியை லூசில் அம்மையார் ஏற்றார்.

அவர்கள் செய்த முதற்கருவி ஒலி அதிர்வெண் அலையியற்றி. ஒலிக் கருவிகளைச் சோதிப்பதற்கு வேண்டிய சீரான மின்னலைகளைத் தருவது அது. ‘எதிர்ப் பின்னூட்டம்’ என்னும் அந்நாளைய புதிய கருத்தை டெர்மன் தம் வகுப்பில் ஆராய்ந்து வந்தார். அதிலிருந்தே ஹியூலெட்டின் ஆய்வேடு பிறந்தது. அலையின் வீச்சு கூடாமலும் குறையாமலும் நிற்க, அவர் ஒரு சிறிய மின்விளக்கைச் சுற்றில் இணைத்தார். மின்னோட்டம் மிகுந்தால் விளக்கின் இழை சூடேறும். சூடேறினால் அதன் மின்தடை உயரும். தடை உயர்ந்தால் வீச்சு தானே தணியும். சில காசு விலையுள்ள விளக்கு, விலையுயர்ந்த பாகங்களின் வேலையைச் செய்தது.

கருவி ஆயிற்று, வாங்குவோர் எங்கே? கல்லூரி வாயிலை விட்டு வெளியேறும் இளைஞன் திகைத்து நிற்கும் இடம் இதுவே. டெர்மன் தம் அறிமுகத்திலிருந்து ஏறத்தாழ 25 பேரின் பெயர்ப் பட்டியலை அளித்தார். அவர்களுக்கு மடல்கள் சென்றன. சில மடல்களுக்குக் காசோலையோடு விடை வந்தது. பின்னர் வால்ட் டிஸ்னி நிறுவனம், 1940-இல் வெளிவந்த ‘பேன்டேசியா’ திரைப்படத்தின் ஒலிப் பணிக்காக 8 கருவிகளை வாங்கியது.

முதலாண்டின் முடிவில் விற்பனை 5,369 டாலர். ஆதாயம் 1,563 டாலர். இடையே வயிற்றுப் பாட்டுக்காகப் பந்துருட்டும் ஆடுகளத்துக்கு எல்லைக்கோடு காட்டும் கருவி, வானாய்வுக் கூடத் தொலைநோக்கியைத் திருப்பும் பொறி என்று கிடைத்த வேலைகளையெல்லாம் அவர்கள் செய்தனர். டெர்மன் அவ்வப்போது அப்பக்கம் போய்ப் பார்ப்பார். கார் கொட்டகைக்குள் நின்றால் வேலை இல்லை என்றும், கார் வெளியே நின்றால் உள்ளே வேலை நடக்கிறது என்றும் தெரிந்துகொள்வாராம்! மாணவன் பட்டம் பெற்றுப் போனதோடு ஆசிரியரின் கடமை முடிந்துவிடவில்லை என்பதற்கு இதனினும் எளிய எடுத்துக்காட்டு வேண்டுமோ?

அந்நிறுவனம் உலகப் பெருநிறுவனங்களுள் ஒன்றாக வளர்ந்தது. 1977-இல் ஸ்டான்போர்டில் டெர்மன் பெயரால் பொறியியல் மையம் எழுந்தபோது அதற்குப் பெரும் பொருளை வழங்கியவர்கள் அவ்விரு மாணவர்களே. அடிசன் வீதிக் கொட்டகை இன்று கலிபோர்னியாவின் வரலாற்றுச் சின்னம்.

ஒருவர் போதார்

இவ்வரலாற்றில் நாம் கவனிக்கத்தக்க மற்றொரு பகுதியும் உண்டு. அலையியற்றியின் விலையை இளைஞர் இருவரும் 54.40 டாலர் என்று குறித்தனர். அடக்கச் செலவைக் கணக்கிட்டுக் குறித்த விலையன்று அது. அமெரிக்க வரலாற்றில் எல்லைத் தகராறு ஒன்றில் எழுந்த முழக்கத்தின் எண்ணை நினைவிற்கொண்டு வைத்த விலை! அவ்விலைக்குக் கருவியைச் செய்து கட்டுப்படியாகாது என்பது பின்னரே புலப்பட்டது. அவர்கள் பிழைத்ததற்குக் காரணம், போட்டி நிறுவனத்தின் கருவி 400 டாலர் அளவில் விற்றதுதான். விலையை உயர்த்த இடமிருந்தது. அடுத்த வகைக் கருவியை 71.50 டாலருக்கு விற்றனர்.

டெர்மன் மின்சுற்றை அறிந்தவர், மனிதர்களை அறிந்தவர். ஆனால் அடக்கவிலைக் கணக்கு அவர் வகுப்பின் பாடமன்று. ஒரு தொழில் வளர்வதற்கு நுட்பம், விலை, விற்பனை, சட்டம், வங்கி, ஆள் மேலாண்மை எனப் பல அறிவுகள் வேண்டும். இவையனைத்தும் ஒருவரிடமே நிறைந்திருக்கும் என்று எதிர்பார்ப்பது பொருந்தாது. ஒரு கருவியைச் செய்பவன் கைத்திறனால் வெல்லலாம். ஆயிரம் கருவிகளைச் செய்பவனுக்கு ஆயிரமும் ஒன்றுபோல் அமைய வேண்டும், பணம் காலத்தில் திரும்ப வேண்டும், ஆட்கள் நிலைக்க வேண்டும். வளர்ச்சி என்பது பெருக்கற் கணக்கு மட்டுமன்று. ஒவ்வொரு படியிலும் புதிய பாடம்.

கல்வி மேதைமை மட்டும் வழிகாட்டியை உருவாக்காது என்பதற்கும் அதே ஊரில் சான்று உண்டு. முன்னர்க் குறித்த வில்லியம் ஷாக்லி, டிரான்சிஸ்டரைக் கண்டறிந்த மூவருள் ஒருவர். அவர் 1956-இல் அவ்வட்டாரத்தில் குறைக்கடத்தி ஆய்வுக்கூடம் தொடங்கினார். டெர்மனும் அதனை வரவேற்றார். நாட்டின் சிறந்த இளம் அறிவியலர்களை ஷாக்லி தேடித் திரட்டினார். ஆயினும் அவர்களை நம்பவில்லை, ஐயுற்றார், அவர்கள் கருத்துக்குச் செவிசாய்க்கவில்லை. விளைவு என்ன? 1957-இல் எண்மர் ஒருங்கே விலகிப் பேர்சைல்டு செமிகண்டக்டர் என்னும் நிறுவனத்தைத் தோற்றுவித்தனர். அவர்களுள் ராபர்ட் நாய்ஸும் கார்டன் மூரும் 1968-இல் இன்டெல் நிறுவனத்தை நிறுவினர். ஷாக்லியோ பிற்காலத்தில் இனத்தால் அறிவு தாழ்ந்தது உயர்ந்தது என்று பேசிப் பெயரைக் கெடுத்துக்கொண்டார். சிறுவயதில் ஓர் அளவுகோலால் தள்ளப்பட்டவரே பிறரைத் தள்ளும் அளவுகோலைக் கையிலெடுத்த இந்நிகழ்ச்சி எண்ணத்தக்கது. உயர்ந்தவன் தாழ்ந்தவன் என்ற கணக்கோடு இளைஞரை அணுகுபவர் ஆசானாக இருக்கலாம், வழிகாட்டி ஆகார்.

இதற்கு மாறாக, கைகொடுத்தல் ஒரு சங்கிலித் தொடராகத் தொடர்ந்ததையும் அங்கே காண்கிறோம். ஸ்டீவ் ஜாப்ஸ் 12 வயதளவில், ஒரு மின்கருவிக்குரிய பாகங்கள் வேண்டித் தொலைபேசி ஏட்டில் எண்ணைத் தேடி ஹியூலெட்டையே அழைத்தார். ஹியூலெட் பாகங்களையும் கொடுத்தார். கோடை விடுமுறையில் வேலையும் கொடுத்தார். அச்சிறுவன் வளர்ந்து நண்பரோடு ஆப்பிள் நிறுவனத்தைத் தொடங்கியபோது, இன்டெல்லில் பணியாற்றி ஓய்வு பெற்றிருந்த மைக் மார்க்குலா 1977-இல் முதலீட்டோடும் அறிவுரையோடும் உடன் நின்று, கொட்டகைத் தொழிலை முறையான நிறுவனமாக்கினார். கேட்கத் துணிந்தவனுக்கு விடை கிடைத்தது. ஆனால் நாம் மற்றொன்றையும் கேட்க வேண்டும்: அச்சிறுவனுக்கு அவ்வூரில் வீடு இருந்தது. ஹியூலெட்டின் தந்தை ஸ்டான்போர்டு மருத்துவப் பேராசிரியர்; பேக்கர்டின் தந்தை வழக்கறிஞர். வாயிலுக்கு அருகில் பிறந்தவர்கள் வாயிலைத் தட்டினார்கள். வெகுதொலைவில் பிறந்தவர்கள் என் செய்வது?

நற்பேறு நெறியாயிற்று

இதற்கு விடையாகத் தோன்றியவையே வழிகாட்டும் அமைப்புகள். தனியொருவரின் நல்லுள்ளத்தைச் சார்ந்திருந்த உதவியை, விதிமுறையுள்ள பொது ஏற்பாடாக மாற்றுவதே அவற்றின் நோக்கம்.

நியூயார்க் மாநிலத்துப் படேவியா நகரில் பெரிய தொழிற்சாலை ஒன்று மூடப்பட்டு ஊரார் வேலையிழந்தனர். 1959-இல் மன்கூசோ குடும்பத்தார் அக்கட்டடத்தை வாங்கினர். மொத்தமாக எடுத்துக்கொள்ள எவரும் வராததால், ஜோசப் மன்கூசோ அதைச் சிறு பகுதிகளாகப் பிரித்துச் சிறு தொழில்களுக்கு வாடகைக்கு விட்டார். பொது அலுவலகப் பணியும் ஆலோசனையும் சேர்த்து அளித்தார். குடிவந்தோருள் கோழிக்குஞ்சு பொரிக்கும் நிறுவனமும் ஒன்று. அதை வைத்து அவர் விளையாட்டாகச் சொன்ன ‘அடைகாப்பகம்’ என்னும் பெயரே உலகெங்கும் இத்தகைய இல்லங்களுக்கு நிலைத்துவிட்டது. தாய்க்கோழி வேண்டிய வெப்பத்தைத் தருமே தவிர, குஞ்சுக்காக ஓட்டை உடைத்துக் கொடுப்பதில்லை, பெயர் பொருத்தமானதே.

மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தில் 2000-ஆம் ஆண்டில், முன்னாள் மாணவர் அலெக் டிங்கியும் பேராசிரியர் டேவிட் ஸ்டேலினும் தொழில்முனைவோர் வழிகாட்டுப் பணியகம் ஒன்றைத் தொடங்கினர். அதன் விதிகள் நாம் ஊன்றிப் படிக்கத்தக்கவை. முதலாவதாக, வழிகாட்டி தனியாக வருவதில்லை. பல துறையறிந்த மூவர் நால்வர் குழுவாக அமர்ந்து தொழில்முனைவோரைச் சந்திப்பர். ஒருவர் அறியாததை மற்றவர் அறிவார். ஒருவர் சாய்வை மற்றவர் திருத்துவார். இரண்டாவதாக, வழிகாட்டுவோர் தொண்டர்கள். தாம் வழிகாட்டும் நிறுவனத்திலிருந்து ஆதாயம் தேடி அப்பணியைச் செய்யலாகாது. மூன்றாவதாக, முடிவெடுக்கும் உரிமை தொழில்முனைவோனுக்கே உரியது. வழிகாட்டி கேள்வி கேட்பார், ஆணையிட மாட்டார். இம்முறையை உலகின் பல கல்வி நிலையங்கள் பின்பற்றலாயின.

2005-இல் பால் கிரகாம் முதலிய நால்வர் ஒய் காம்பினேட்டர் என்னும் அமைப்பைத் தொடங்கினர். இங்கே முறை வேறு. சிறு முதலீடு தந்து, நிறுவனத்தில் ஒரு பங்கைப் பெற்றுக்கொண்டு, மூன்று மாதங்கள் நெருக்கமாகப் பயிற்றுவிப்பது. வாரந்தோறும் அனுபவமுள்ளவர் ஒருவரை விருந்துக்கு அழைத்து உரையாடச் செய்வது. இறுதியில் முதலீட்டாளர்கள் முன் நிறுத்துவது. முதல் அணியில் 8 நிறுவனங்கள் இடம்பெற்றன. தொண்டு முறை, பங்கு முறை என இரண்டும் உலகில் நடைபெறுகின்றன. இரண்டில் எதில் சேர்ந்தாலும், எதைக் கொடுத்து எதைப் பெறுகிறோம் என்று எழுத்தில் தெளிந்து சேர வேண்டும்.

நம் நாட்டில்

நம் நாட்டிலும் இம்மரபு வேரூன்றியுள்ளது. 1982-இல் மைய அரசின் அறிவியல் தொழில்நுட்பத் துறையின்கீழ்த் தேசிய அறிவியல் தொழில்நுட்பத் தொழில்முனைவு மேம்பாட்டு வாரியம் அமைந்தது. அதன் துணையால் கல்லூரிகளை ஒட்டித் தொழில்முனைவோர் பூங்காக்கள் தோன்றின. திருச்சிராப்பள்ளி மண்டலப் பொறியியல் கல்லூரியைச் சார்ந்து 1986-இல் உருவான பூங்கா அவற்றின் முன்னோடிகளுள் ஒன்று என்பது நம் மாநிலத்துக்குப் பெருமை.

சென்னை இந்தியத் தொழில்நுட்பக் கழகத்தில் பேராசிரியர் அசோக் ஜுன்ஜுன்வாலாவும் உடன்பணியாற்றிய பேராசிரியர்களும் 1990-களில் ஒரு குழுவாக இணைந்து, தொலைபேசி சிற்றூரையும் எட்ட வேண்டுமானால் இணைப்பின் செலவு பெரிதும் குறைய வேண்டும் என்று ஆராய்ந்தனர். தம் முன்னாள் மாணவர்களை நிறுவனங்கள் தொடங்கத் தூண்டினர். அவற்றுள் ஒன்றான மைடாஸ் நிறுவனத்தோடு சேர்ந்து ‘கார்டெக்ட்’ என்னும் கம்பியில்லாத் தொலைபேசி முறை உருவாயிற்று. டெர்மன் செய்ததைச் சென்னை மண்ணில் இவர்கள் செய்தனர் எனலாம். 2010-இல் அக்கழகத்தின் ஆய்வுப் பூங்கா செயற்படத் தொடங்கியது. அங்கு வளர்ந்த நிறுவனங்களுள் ஒன்று, 2017-இல் ஸ்ரீநாத் ரவிச்சந்திரனும் மொயினும் எரிதல் துறைப் பேராசிரியர் சத்யநாராயணன் சக்கரவர்த்தியின் துணையோடு தொடங்கிய அக்னிகுல். முப்பரிமாண அச்சு முறையில் ஒரே துண்டாகச் செய்த எந்திரம் பொருத்திய அதன் சோதனை ஏவூர்தி, 2024 மே 30-இல் ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து விண்ணில் பாய்ந்தது. இளைஞரின் துணிவும் பேராசிரியரின் ஆய்வுக்கூடமும் சேர்ந்த இடத்தில் விளைந்த பயன் இது.

வாயிலுக்குத் தொலைவில் பிறந்தோரைக் கருதிய முயற்சிகளும் தோன்றியுள்ளன. பட்டியலினத் தொழில்முனைவோருக்கான துணிகர முதலீட்டு நிதி 2015-இல் தொடங்கப்பட்டது. அதன்கீழ் 2020 செப்டம்பர் 30-இல் அம்பேத்கர் சமூகப் புத்தாக்க, தொழில் வளர்ப்பு இயக்கம் அறிவிக்கப்பட்டது. உயர்கல்வி நிலையங்களின் தொழில் வளர்ப்பகங்கள் வழியே நான்காண்டுகளில் 1,000 பட்டியலின இளைஞர்களைக் கண்டறிந்து, ஒவ்வொருவருக்கும் மூன்றாண்டுகளில் 30 லட்சம் ரூபாய் பங்கு முதலீடாக அளிப்பது அதன் குறிக்கோள். தமிழக அரசும் 2022-23-ஆம் நிதியாண்டில் பட்டியலினத்தார், பழங்குடியினரின் புத்தொழில் நிறுவனங்களில் முதலீடு செய்ய 30 கோடி ரூபாயில் தனி நிதியத்தை ஏற்படுத்தியது.

இங்கே ஒன்றைக் கூர்ந்து நோக்க வேண்டும். நிதி ஒதுக்குவது அரசாணையால் ஆகும். ஆனால் அந்நிதியை நாடிச் செல்லும் இளைஞனிடம் திட்ட அறிக்கை இருக்க வேண்டும். மாதிரிக் கருவி இயங்க வேண்டும். முதல் வாடிக்கையாளர் ஒருவராவது சான்று கூற வேண்டும். வரவு செலவு ஏடு செவ்வையாக இருக்க வேண்டும். இவற்றைச் செய்விக்கும் துணை இல்லையேல் நிதி ஏட்டில் நிற்கும். இளைஞன் வீதியில் நிற்பான். ஹியூலெட்டும் பேக்கர்டும் தொடங்கியது 538 டாலரில். அவர்களுக்குப் பணத்தினும் மிகுதியாக உதவியது 25 பெயர்கள் கொண்ட அந்தப் பட்டியல் என்பதை மறத்தலாகாது.

நாம் செய்யத்தக்கது

ஆட்சி செய்வோனுக்கே பெரியாரைத் துணைக்கோடல் இன்றியமையாதது என்று கருதி வள்ளுவர் அதற்கு ஓர் அதிகாரமே வகுத்தார். புதுத் தொழில் தொடங்கும் ஏழை இளைஞனுக்கு அது எத்துணை இன்றியமையாதது!

நம் கழகத்தின் உறுப்பினர்களை எண்ணிப் பாருங்கள். வங்கிப் பணியில் இருந்து ஓய்வு பெற்றோர் உள்ளனர். மின்வாரியப் பொறியாளர் உள்ளனர். வணிக வரித் துறையில் பணியாற்றியோர் உள்ளனர். வழக்கறிஞர், மருத்துவர், பேராசிரியர் உள்ளனர். வெளிநாட்டில் மென்பொருள் நிறுவனங்களில் உயர்பொறுப்பில் இருக்கும் நம் பிள்ளைகளும் உள்ளனர். தனித்தனியே நோக்கின் இவர்கள் உத்தியோகத்தர். ஒன்றுசேர நோக்கின் இதுவே நம் பிள்ளைகளுக்கு இல்லாதிருந்த மாமனும் பெரியப்பாவும். ஆகவே கழகத்தின் முன் ஒரு கருத்தை வைக்கின்றோம். இத்தகைய உறுப்பினர்களின் பெயர், துறை, ஒதுக்கக்கூடிய நேரம் ஆகியவற்றைக் கொண்ட பதிவேடு ஒன்று கழக அலுவலகத்தில் இருக்கட்டும். திங்களுக்கு ஒருநாள், மூவரோ நால்வரோ குழுவாக அமர்ந்து, தொழில் எண்ணத்தோடு வரும் நம் இளைஞரைச் சந்திக்கட்டும். ஆதாயம் கருதாமை, ஆணையிடாமை, குழுவாக அமர்தல் என்னும் மூன்று விதிகளும் முதல் நாளிலேயே எழுதப்படட்டும். இதற்குப் பெருங்கட்டடம் வேண்டியதில்லை. கழகத்தின் மாலை வகுப்பு அறையும் சில நாற்காலிகளும் போதும்.

இளைஞர்களே! உங்களுக்கும் சில சொற்கள். வழிகாட்டியிடம் வெறும் வாழ்த்துப் பெறச் செல்லாதீர்கள். செய்த பொருளோடு செல்லுங்கள். ‘என்ன செய்யலாம்?’ என்று கேட்பவனுக்கு உதவுவது கடினம். ‘இதைச் செய்தேன், இந்த இடத்தில் நின்றுவிட்டது’ என்பவனுக்கு உதவுவது எளிது. அடக்கச் செலவை எழுதிய தாள் உங்கள் சட்டைப் பையில் இருக்கட்டும். கசப்பான கேள்வி கேட்பவரை விலக்காதீர்கள். உங்கள் கண்டுபிடிப்பில் பங்கு கேட்பவரிடம் எழுத்தின்றி எதையும் ஒப்புக்கொள்ளாதீர்கள். அறிவுரையைக் கேளுங்கள், முடிவை நீங்கள் எடுங்கள். நாளை நீங்கள் வளர்ந்த பின், உங்களைத் தொலைபேசியில் அழைக்கும் முகமறியாச் சிறுவனுக்கோ சிறுமிக்கோ விடை கூற நேரம் ஒதுக்குங்கள். கடனைத் திருப்பிச் செலுத்த அதைவிடச் சிறந்த வழி இல்லை.

பிறப்பால் திறமை வகுக்கப்பட்டது என்று சொன்ன அளவுகோல்கள் பல நாடுகளில் பல வடிவில் தோன்றின. அவை தவறியதையும் வரலாறு பதிந்து வைத்திருக்கிறது. கை கொடுத்த இடத்திலெல்லாம் திறமை தழைத்ததையும் அதே வரலாறு காட்டுகிறது. கழகத்தின் கடந்த 25 ஆண்டுகள் நம் பிள்ளைகளைப் பட்டம் வரை கொண்டுவந்து சேர்த்தன. வரும் 25 ஆண்டுகள், அவர்கள் பிறருக்கும் வேலை தரும் நிலைக்கு உயரக் கைகொடுக்கும் ஆண்டுகளாக அமைய வேண்டும். அதற்குரிய பதிவேட்டின் முதல் பக்கம் இவ்விழா நாளிலேயே திறக்கப்படுமாக!